செண்டும் புரவியும்: போலோ ஆட்டம் பயில விரும்புவோர்க்கு

போலோ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களுள் பலருக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, கழுத்துப்பட்டி வைத்த பனியன் துணிச் சட்டை. மற்றொன்று, அது அரசரும் பெருஞ்செல்வரும் மட்டுமே ஆடும் ஆட்டம் என்னும் எண்ணம். சட்டையைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. எண்ணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பெருநகரங்களில் இன்று பெரும்பொருள் இன்றி இவ்வாட்டத்தை ஆட இயலாது என்பது மெய்யே. ஆயினும், இன்று உலகெங்கும் ஆடப்படும் போலோ நம் நாட்டின் ஒரு மலைசூழ் பள்ளத்தாக்கில், சிறிய மட்டக்குதிரைகளின் மேல், வெறுங்காலோடு ஏறிய மக்களிடமிருந்து பிறந்தது. இதை அறிந்தபின் எனக்கு அதன்மேல் ஓர் உரிமையுணர்ச்சியே உண்டாயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. நான் வட்டவடையைச் சேர்ந்தவன். மூணாற்றுக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் ஊர் அது. கேரளத்தில் இருப்பினும் வீட்டில் பேசுவது தமிழே. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர் நாங்கள் என்பது ஊர் வழக்கு. எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைதான். அதன்மேல் ஏறிப் பந்தாடலாம் என்று சொன்னால் என் பாட்டி சிரித்திருப்பார். அவர் சிரிப்புக்கு விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘போலோ’ தமிழ்ச் சொல் அன்று. ஆங்கிலச் சொல்லும் அன்று. காசுமீரத்துக்கு வடக்கே பேசப்படும் பால்டி மொழியில் ‘புலு’ என்றால் பந்து. அதுவே ஆங்கிலேயர் வாயில் போலோ ஆயிற்று. தமிழில் செண்டு என்றொரு சொல் உண்டு. அது பந்தைக் குறிக்கும். ஐயனார் கையில் இருக்கும் வளைந்த கோலையும் குறிக்கும். செண்டாடுதல் என்றால் பந்தாடுதல். குதிரைகளை ஓட்டிப் பழக்கும் இடத்துக்குச் செண்டுவெளி என்று பெயர். பந்தும் கோலும் குதிரைத் திடலும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது வியப்பன்றோ! உடனே ‘தமிழரே போலோவைக் கண்டனர்’ என்று மேடையில் முழங்க நண்பர்கள் சிலர் ஆயத்தமாவர். வேண்டா. அதற்குச் சான்று இல்லை. சொல் நம்மிடம் இருக்கிறது. ஆட்டம் வேறிடத்திலிருந்து வந்தது. எனினும் செண்டாட்டம் என்று இதனை வழங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

இனி ஆடுகளத்துக்கு வருவோம். போலோத் திடலின் நீளம் 300 கஜம். ஓரங்களில் பலகை அடித்திருந்தால் அகலம் 160 கஜம். பலகை இல்லையேல் 200 கஜம் வரை இருக்கலாம். பலகையடித்த திடலே ஏறக்குறைய 10 ஏக்கர். ஐந்து கால்பந்துத் திடல்களை அதற்குள் போட்டுவிடலாம். எங்கள் ஊரில் பத்து ஏக்கர் சமநிலத்தை ஒரே இடத்தில் காண்பது அரிது. வீட்டுக்கு முன்னால் பத்தடி சமமாக இருந்தாலே அவன் பாக்கியசாலி. திடலின் இரு முனைகளிலும் 8 கஜ இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நிற்கும். அவற்றுக்கிடையே பந்து சென்றால் ஒரு கோல். எவ்வளவு உயரத்தில் சென்றாலும் சரி, கம்பங்களுக்கு இடைப்பட்ட வெளியில் சென்றால் போதும். குதிரை மோதினால் ஒடிந்து விழும்படி இலேசாகவே இக்கம்பங்களைச் செய்கிறார்கள்.

பந்து சிறியது. குறுக்களவு 3 முதல் 3½ அங்குலம். முன்னாளில் மூங்கில் வேரைக் கடைந்து செய்தார்கள். இங்கிலாந்தில் வில்லோ மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கோல் என்பது நாலடி முதல் நாலரை அடி வரை நீளமுள்ள பிரம்பு; அதன் நுனியில் சுத்தியலின் தலைபோல் ஒரு மரத்துண்டு குறுக்கே பொருத்தியிருக்கும். புதியவர் அந்தத் தலையின் முனையால்தான் அடிப்பார்கள் என்று நினைப்பர். அன்று, அகலமான பக்கவாட்டால்தான் அடிக்க வேண்டும். கோலை வலக்கையில் மட்டுமே பிடிக்கலாம். இடக்கை கடிவாளத்துக்கு உரியது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் எதிரெதிரே விரைந்து வரும் இருவருள் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் பந்தை வைத்து ஆடினால் குதிரைகள் நேருக்கு நேர் மோதும். அதனால்தான் இந்த விதி.

ஒவ்வொரு குழுவிலும் நால்வர். முதல் எண் முன்னின்று கோல் அடிக்க முயல்பவர். இரண்டாம் எண் அவருக்குத் துணை. தாக்கவும் வேண்டும், திரும்பி வந்து தடுக்கவும் வேண்டும். மூன்றாம் எண்ணே பெரும்பாலும் குழுவின் சிறந்த ஆட்டக்காரர். பின்னிருந்து வரும் பந்தை முன்னே அனுப்பி ஆட்டத்தை நடத்துபவர் அவரே. நான்காம் எண் கோலைக் காப்பவர். ஆனால் கால்பந்தில் உள்ளதுபோல் கோல்காப்பாளர் என்று ஓரிடத்தில் நிற்பவர் எவரும் இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் இரு குழுவினரும் திசை மாற்றிக்கொள்வர். முதன்முறை பார்ப்பவர்க்கு இதனால் பெருங்குழப்பம் ஏற்படும். நம்மவர் அடித்தார் என்று கைதட்டிவிட்டுப் பின்னர் நாணுவோரைக் கண்டிருக்கிறேன்.

ஆட்டத்தைச் சுற்றுகளாகப் பிரிப்பர். ‘சக்கர்’ என்னும் இந்திச் சொல்தான் ஆங்கிலத்திலும் வழங்குகிறது. ஒரு சுற்று 7 நிமிடம். மணி அடித்த பின்னும் பந்து உயிரோடிருந்தால் அரை நிமிடம் வரை நீளலாம். ஆட்டத்தின் தரத்துக்கேற்ப நான்கு முதல் எட்டுச் சுற்று வரை உண்டு. இரண்டு சுற்றுகளுக்கிடையே ஆட்டக்காரர் இளைப்பாறுகிறாரோ இல்லையோ, குதிரை இளைப்பாற வேண்டும். ஆடிய குதிரையை அடுத்த சுற்றில் பொதுவாக இறக்குவதில்லை. ஒருவருக்குப் பல குதிரைகள் வேண்டியிருப்பது இதனால்தான். செலவும் இங்கேதான் ஏறுகிறது.

இதுவரை சொன்னவற்றை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். இனிச் சொல்வதை விளங்கிக்கொண்டால்தான் போலோ விளங்கும். அதற்குப் ‘பந்தின் வழி’ என்று பெயர் கொடுக்கலாம்.

ஒருவர் பந்தை அடிக்கிறார். பந்து ஒரு நேர்கோட்டில் ஓடுகிறது. அது ஓடும் கோட்டை முன்னும் பின்னும் நீட்டித் தரையில் ஒரு சாலை வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்தை அடித்து, அதே கோட்டில், அதைத் தம் வலப்புறத்தில் வைத்துப் பின்தொடர்ந்து வருபவருக்கே அந்தச் சாலை உரியது. வேறு எவரும் மோத நேரும்படி அதைக் குறுக்கே கடக்கக் கூடாது. பந்தை யாராவது அடித்து அதன் திசை மாறினால், கணப்பொழுதில் பழைய சாலை அழிந்து புதிய சாலை பிறக்கிறது. எட்டுக் குதிரைகளும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சாலைக்கு ஏற்பத் திரும்ப வேண்டும்.

இது கடினமான விதி என்று எண்ண வேண்டா. எங்கள் மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. ஒற்றையடிப் பாதையில் சுமையோடு மட்டக்குதிரை வந்தால், வெறுங்கையோடு வருபவன் ஒதுங்கி நிற்பான். அவன் ஊர்ப் பெரியவனாக இருந்தாலும் ஒதுங்குவான். ஒதுங்காவிடில் குதிரை சறுக்கும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். யார் பெரியவர் என்பது அங்கே கேள்வி அன்று. யாருக்கு வழி உரியது என்பதே கேள்வி. போலோவிலும் அப்படியே. எதிரே வருபவர் மன்னராக இருந்தாலும், பந்தின் வழியில் முறையாக வரும் ஓர் இளைஞர்க்கு அவர் விலகியே தீர வேண்டும். நல்ல குதிரைகள் மணிக்கு முப்பது மைலுக்கும் மேலான வேகத்தில் ஓடும் களத்தில் இந்த ஒரு விதி இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆட்டமும் சாவில்தான் முடியும். குற்றங்களுள் பெரும்பாலானவை இவ்விதியை மீறுவனவே. களத்தில் குதிரை மேலேயே இருக்கும் இரு நடுவர்கள் இதைத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். இருவரும் முரண்பட்டால் களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வார். குற்றத்தின் கடுமைக்கேற்ப 60 கஜம், 40 கஜம், 30 கஜம் என்று தொலைவு குறைத்து எதிர்க்குழுவுக்குத் தனியடி வழங்கப்படும்.

அப்படியானால் வழியுரிமை உடையவரைத் தடுக்கவே முடியாதா? முடியும், முறைகள் இரண்டு. ஒன்று, பக்கத்தில் இணையாக ஓடி வந்து, தோளோடு தோள் சேர்த்து, குதிரையைக் குதிரையால் தள்ளிக் கோட்டிலிருந்து விலக்குவது. குறுக்கே பாய்ந்து இடிக்கக் கூடாது. சாய்வு மிகச் சிறிதாக இருக்க வேண்டும். வேகமும் ஒத்திருக்க வேண்டும். மற்றொன்று, அவர் அடிக்க ஓங்கும்போது அவர் கோலை நம் கோலால் கொக்கி போட்டுத் தடுப்பது. அவர் அடிக்கும் பக்கத்தில் நாம் இருந்தால்தான் இதைச் செய்யலாம். அவருடைய குதிரையின் மேலாகவோ காலுக்கிடையிலோ கோலை நீட்டினால் அது குற்றம்.

அடிகளை நான்காக வகுப்பர்: வலப்புறம் முன்னோக்கி, வலப்புறம் பின்னோக்கி, இடப்புறம் முன்னோக்கி, இடப்புறம் பின்னோக்கி. கோல் எப்போதும் வலக்கையில் இருப்பதால், இடப்புறத்துப் பந்தை அடிக்க உடலை முறுக்கிக் குதிரையின் கழுத்துக்கு மேலாகக் குனிய வேண்டும். இந்த நான்கும் கைவந்தபின் கழுத்துக்குக் கீழே, வாலுக்குப் பின்னே என்று பந்தைக் கோணலாக அனுப்பும் அடிகள் வரும். தொடங்குவோர் அவற்றைத் தொடாதிருப்பது நலம்.

போலோவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தரப்புள்ளி முறை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவரவர் திறமைக்கேற்ப −2 முதல் 10 வரை ஓர் எண் வழங்கப்படுகிறது. அது அவர் அடிக்கும் கோல்களின் எண்ணிக்கை அன்று, அவருடைய தகுதி. உலகில் பத்து என்னும் தரம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஒரு குழுவின் நால்வருடைய எண்களைக் கூட்டினால் 10 என்றும், மற்றக் குழுவுக்கு 6 என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 4. ஆறு சுற்று ஆட்டமானால் வலிமை குறைந்த குழு தொடக்கத்திலேயே 4 கோல் பெற்றுவிடும். நான்கே சுற்றானால், நான்கை நான்கால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். இரண்டும் பின்னமும் வரும். எப்பின்னம் வந்தாலும் அதை அரைக் கோலாகக் கொள்வர். ஆகவே 2½ கோல். போலோ முடிவுகளில் அரைக் கோல் எப்படி வந்தது என்று செய்தித்தாளைப் பார்த்து மயங்குவோர்க்கு விடை இதுதான்.

குதிரையைப் பற்றிச் சொல்லாமல் போலோவைப் பற்றிச் சொன்னால் அது உப்பில்லாப் பண்டம். ஆட்டத்தில் முக்காற் பங்கு குதிரையுடையதே. முன்னே பாயவும், சட்டென நிற்கவும், நின்ற இடத்திலேயே திரும்பவும் அது பழகியிருக்க வேண்டும். இன்றும் அதை மட்டக்குதிரை என்றே ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள், பெயர்தான் அப்படி. முன்பு உயரத்துக்கு வரம்பு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது நீங்கியது. இப்போது ஆடுவன பெரும்பாலும் பந்தயக் குதிரை இரத்தம் கலந்த பெருங்குதிரைகளே. கால்களில் துணிப்பட்டி சுற்றுவதும், வாலைப் பின்னிக் கட்டுவதும் அழகுக்காக அல்ல. பந்தோ கோலோ காலில் பட்டு அடிபடாமலும், வால்மயிர் கோலில் சிக்காமலும் இருப்பதற்காகவே.

குதிரையைப் பேணத் தெரியாதவனுக்குக் குதிரை நில்லாது. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ (இந்த ஆட்டத்துக்கும் அவருக்கும் பெயரொற்றுமை தவிர வேறு உறவில்லை) ஒரு செய்தியை எழுதிச் சென்றிருக்கிறார். பாண்டியர் ஆண்டுதோறும் கடல் கடந்து பெருந்தொகையாகக் குதிரைகளை வாங்கினர் என்றும், வளர்க்கத் தெரிந்தோர் இல்லாமையால் அவை விரைவில் மாண்டன என்றும் அவர் குறிக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கியதை ஒரு பிடி அறிவு இல்லாமல் இழந்திருக்கிறோம்.

இனி வரலாறு. பாரசீகத்தில் சௌகான் என்ற பெயரில் குதிரைப் பந்தாட்டம் பழங்காலந்தொட்டே இருந்தது. தில்லி சுல்தான் குத்புதீன் ஐபக் 1210-இல் லாகூரில் சௌகான் ஆடும்போது குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். அக்பருக்கு இதில் இருந்த மோகம் அளவற்றது. இரவிலும் ஆடுவதற்காகப் பலாச மரத்தில் பந்து செய்து, அதைக் கனன்று எரியவிட்டு ஆடினாராம். முகலாயர்க்குப் பின் பெரும்பாலான இடங்களில் ஆட்டம் மறைந்தது. மறையாமல் இருந்த இடங்களுள் ஒன்று மணிப்பூர்.

அங்கே இதன் பெயர் சகோல் காங்ஜை. சகோல் என்றால் குதிரை. குழுவுக்கு எழுவர். கோல் கம்பம் கிடையாது. எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்து கடந்தால் போதும். பந்தைக் கையால் பிடிக்கவும் செய்யலாம். தலைப்பாகை கட்டி, காலில் செருப்பின்றி ஆடுவார்கள். இம்பாலில் உள்ள மாப்பல் காங்ஜைபுங் என்னும் திடல், இன்றுள்ள போலோத் திடல்களுள் மிகப் பழையது என்பர். மணிப்பூர் மரபில் இவ்வாட்டத்துக்கும் குதிரைக்கும் உரிய தெய்வம் மர்ஜிங். அத்தெய்வத்துக்குக் குதிரை உருவங்களைக் காணிக்கையாக வைக்கிறார்கள். நம் ஊர்ப்புறத்தில் ஐயனார்க்கு மண்குதிரை எடுத்து வைப்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1850-களில் அசாமின் கச்சார் பகுதியில் இருந்த மணிப்பூரியர் ஆடுவதை ஜோசப் ஷேரர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியும், ராபர்ட் ஸ்டூவர்ட் என்னும் ஆட்சி அதிகாரியும் கண்டு தாமும் ஆடத் தொடங்கினர். 1859-இல் சில்சாரில் சங்கம் அமைந்தது; 1862-இல் கல்கத்தாவில். 1869-இல் இங்கிலாந்து சென்றது. அங்கிருந்து அர்ஜென்டினா முதலிய நாடுகளுக்குப் பரவியது. 1892-இல் இந்தியப் போலோச் சங்கம் தோன்றியது. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மான்சிங்கின் குழு 1933-இல் இங்கிலாந்து சென்று அங்குள்ள பெரும் போட்டிகளையெல்லாம் வென்று திரும்பியது. 1957-இல் பிரான்சின் தோவில் நகரில் இந்தியக் குழு உலகப் போட்டியில் வென்றது. ஒலிம்பிக்கில் 1900 முதல் 1936 வரை ஐந்து முறை போலோ இடம்பெற்றுப் பின் நீங்கியது. நம் பக்கத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கொலங்கா ஜமீன்தார் அளித்த வெள்ளிக் கோப்பை ஆறடி உயரமுள்ளது. விளையாட்டுக் கோப்பைகளுள் மிக உயரமானது என்று பெயர் பெற்றது.

கோப்பை உயரமானது, ஆனால் ஆட்டத்தைப் பெற்றெடுத்த குதிரை குட்டையானது. மணிப்பூர் மட்டக்குதிரையின் உயரம் 44 முதல் 52 அங்குலம் வரைதான். அந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது. கால்நடைக் கணக்கின்படி 2003-இல் 1,898 இருந்தன, 2012-இல் 1,101, 2019-இல் 1,089. மணிப்பூர் அரசு 2013-இல் இதனை அழியும் நிலையிலுள்ள இனம் என்று அறிவித்தது. 2016-இல் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் வகுத்தது. 2023-இல் மர்ஜிங் குன்றின் மேல், குதிரை வீரன் ஒருவனின் 120 அடிக்கு மேற்பட்ட சிலையும் திறக்கப்பட்டது. சிலை தின்பதில்லை, குதிரைக்குப் புல் வேண்டும். இம்பாலைச் சுற்றியிருந்த ஈரநிலப் புல்வெளிகளில் கட்டடங்கள் எழுந்ததால், குதிரைகள் தெருவில் அலைந்து குப்பையில் மேய்கின்றன. லாம்பெல்பட் என்னும் சதுப்பு நிலம் அவற்றின் முக்கிய மேய்ச்சல் இடம், அதுவும் சுருங்கிவிட்டது.

இது எனக்குத் தொலைவிலுள்ள செய்தியாகத் தோன்றவில்லை. எங்கள் வட்டவடையிலும் புல்மேடுகள் இருந்த இடங்களில் யூகலிப்டஸ் காடுகள் எழுந்தன. சாலை வந்தது, ஜீப்பு வந்தது. மூட்டை சுமந்த மட்டக்குதிரைக்கு வேலை குறைந்தது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்கிய காலம் மீண்டும் வரக் கூடாது. ஆனால் சுமை தூக்குவதற்கன்றி வேறு எதற்கும் நாங்கள் குதிரையை வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே சுமை போனதும் குதிரையும் போயிற்று. மணிப்பூரியர்க்கு ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஆடுவோரில் எளிய குடும்பத்து இளைஞர் உண்டு. பெண்கள் குழுக்களும் உண்டு. அந்த ஆயிரம் குதிரைகளேனும் எஞ்சியிருப்பதற்கு ஆட்டம்தான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

‘இதெல்லாம் சரி, நம்மைப் போன்றவர் எங்கே தொடங்குவது?’ என்று கேட்பீர்கள். சொந்தக் குதிரை வாங்கும் பேச்சே வேண்டா. தேசிய மாணவர் படையில் ரிமவுண்ட் வெட்டரினரி என்னும் குதிரைப் பிரிவு ஒன்று உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், கேரளத்தில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியிலும் அதன் பயிற்சி நடைபெறுகிறது. அங்கே போலோ கற்பிப்பார்கள் என்று எதிர்பார்த்துச் செல்லாதீர்கள், குதிரையேற்றம் கற்பிப்பார்கள். அதுதான் முதற்படி.

முதல் சில வாரங்களில் பந்தை நினைக்கவே கூடாது. குதிரையின் இடப்பக்கமாகச் சென்று ஏறப் பழகுங்கள். நடை, பெருநடை, ஓட்டம் என்று வரிசையாகச் செல்லுங்கள். அங்கவடியில் காலூன்றி, கடிவாளத்தை ஒரு கையில் மட்டும் பிடித்து, தொடையின் அழுத்தத்தால் குதிரையைத் திருப்ப வரும்வரை கோலைத் தொடாதீர்கள். இறங்கியபின் குதிரையை ஆள்காரனிடம் விட்டுவிட்டு ஓடிவிடாமல், உடம்பைத் தேய்த்து, குளம்பில் சிக்கிய கல்லைக் கிளறி எடுத்து, வியர்வை அடங்கியபின் தண்ணீர் காட்டுங்கள். இலாயம் பெருக்கவும் நேரும், தயங்க வேண்டா.

கோல் பயில்வதற்குக் குதிரையே தேவையில்லை. போலோச் சங்கங்களில் மரக்குதிரை வைத்திருப்பார்கள். சுற்றிலும் வலையடித்து, தரையை நாற்புறமும் சரிவாக அமைத்து, நடுவில் மரக்குதிரையை நிறுத்துவார்கள். அடித்த பந்து உருண்டு திரும்பக் காலடிக்கே வரும். விடுதியிலும் ஒன்று செய்துகொள்ளலாம். உறுதியான ஒரு பெஞ்சின் மேல் மணல்மூட்டை போட்டு, இருபுறமும் கால் தொங்க உட்கார்ந்து, மூங்கில் கழியின் நுனியில் கட்டைத்துண்டு மாட்டி, முதலில் வலப்புறம் முன்னோக்கி அடிக்கும் அடியை மட்டும் நாளொன்றுக்கு ஐம்பது முறை அடித்துப் பாருங்கள். கையின் பலத்தால் அடிக்காதீர்கள்; கோல் தன் எடையால் ஊசல்போல் இறங்கட்டும். கண் பந்தின் மேலேயே இருக்கட்டும். பத்து நாள் மணிக்கட்டு வலிக்கும். விடுதிக் காப்பாளர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால், செண்டாடுகிறேன் என்று சொல்லுங்கள்.